குடும்பக் கூடலிலும் நெடும்பயணத்திலும் கையடக்கக் கருவிகள்: முழுமையான வழிகாட்டி

நம் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே ஒருவரை மனத்தில் வைத்து வாங்கப்பட்டவை. கைப்பேசியின் பேட்டரி ஒருவருடைய ஒரு நாளுக்குப் போதும். காதொலிக்கருவி ஒருவருடைய காதுக்கு மட்டும் பாடும். கேமரா எதிரில் நிற்கும் இரண்டு மூன்று பேரைத் தெளிவாகப் பிடிக்கும். இதே கருவிகளை ஐந்து பேர் அமர்ந்த காருக்குள்ளும், உறவினர் நிறைந்த வீட்டுக்குள்ளும் கொண்டுபோகும்போது அவற்றின் மீது விழும் வேலை வேறாகிவிடுகிறது. ஒரே சார்ஜருக்கு நான்கு பேர் காத்திருக்கிறார்கள், ஒரே கைப்பேசி வழியும் காட்டிப் பாட்டும் பாடிப் படமும் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறையைப் புதிய கருவிகளை வாங்கித்தான் தீர்க்க வேண்டும் என்பதில்லை. இருப்பவற்றை ஒருவருக்கான நிலையிலிருந்து பலருக்கான நிலைக்கு மாற்றிவைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். அதற்கான ஆயத்தம் முழுவதையும் புறப்படுவதற்கு முந்தைய வாரத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

முதல் படி: ஆட்களிலிருந்து தொடங்குங்கள்

எந்தக் கருவியை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு முன்பாக, யார் யார் வருகிறார்கள், அவர்களில் யாருக்கு எது இல்லாமல் முடியாது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். செவித்துணைக் கருவி அணியும் தாத்தாவுக்கு அதன் சார்ஜிங் பெட்டியோ மாற்று பேட்டரியோ வேண்டும். உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர் பயன்படுத்தும் சீபேப் கருவிக்குக் கட்டிலுக்கு அருகில் மின்இணைப்பு வேண்டும். சர்க்கரை அளவு பார்க்கும் கருவிக்குப் போதுமான ஸ்ட்ரிப்புகளும், ரத்த அழுத்தமானிக்குப் புதிய பேட்டரிகளும் வேண்டும். பட்டியலின் முதலிடம் இவற்றுக்குத்தான். மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வரும். இந்த வரிசையை வாயால் சொல்லி வைத்தால் போதாது, ஏனென்றால் இரவு பதினொரு மணிக்கு ஒரே ஒரு பிளக் மட்டும் மிஞ்சும்போது அதில் விளையாட்டுக் கருவி செருகப்பட்டிருப்பதும், மருத்துவக் கருவி ஓரமாக அணைந்து கிடப்பதும் எல்லா வீடுகளிலும் நடக்கக்கூடியதுதான்.

இரண்டாம் படி: மின்சாரத்தைக் கணக்கிடுங்கள்

மற்ற படிகள் எல்லாம் இந்த ஒன்றின் மேல் நிற்பதால், இதற்குச் சற்றுக் கூடுதலான நேரம் கொடுப்பது நியாயமே.

பவர் பேங்கின் மேல் 10,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், 5,000 கொள்ளளவுள்ள கைப்பேசியை இரண்டு முறை முழுமையாக நிரப்பலாம் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில் ஏறக்குறைய ஒன்றரை முறைதான் நிரப்ப முடியும். அந்த எண் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் அளவில் கணக்கிடப்பட்டது. வெளியே வரும்போது மின்சாரம் 5 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயர்த்தப்படுகிறது, பின்னர் கைப்பேசிக்குள் மீண்டும் மாற்றப்படுகிறது, இரண்டு இடங்களிலும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஆகவே மில்லியாம்பியர்-மணியை விட, வோல்ட்டையும் சேர்த்து மொத்த ஆற்றலைக் காட்டும் வாட்-மணியைப் பார்ப்பதே நேர்மையான கணக்கு: 10,000 என்பது 37 வாட்-மணி, 20,000 என்பது 74 வாட்-மணி. பொதுவான கைப்பேசி ஒன்றின் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி கொள்ளும். நான்கு கைப்பேசிகளுக்கு நாளொன்றுக்குப் பாதிப் பாதி நிரப்பல் தேவை என்று வைத்துக்கொண்டால், வீணாவதையும் சேர்த்து 20,000 அளவுள்ள ஒரு பவர் பேங்க் சரியாக இருக்கும். ஒரே பெரிய பவர் பேங்கை விட 10,000 அளவில் இரண்டு வைத்திருப்பது நல்லது, ஏனெனில் ஒன்று காரில் இருக்கும்போது மற்றொன்றை வெளியே நடக்கப் போகிறவர் எடுத்துச் செல்லலாம்.

காரில் இருக்கும் மின்வழிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய கார்களின் முன்புறம் உள்ள யுஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டு கேட்பதற்காக வைக்கப்பட்டது. 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தருவது அவற்றில் உண்டு. வரைபடமும் பிரகாசமான திரையும் ஓடும் கைப்பேசி அதைவிட அதிகம் செலவழிப்பதால், சார்ஜில் செருகியிருந்தும் சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். அருகிலேயே இருக்கும் வட்ட வடிவ 12 வோல்ட் சாக்கெட் அப்படியல்ல. அதன் ஃப்யூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியருக்கானது, எனவே 120 முதல் 180 வாட் வரை தாங்கும். அதில் செருகும் ஒரு நல்ல யுஎஸ்பி-சி கார் சார்ஜர், பயணத்துக்கென்று வாங்கத் தக்க ஒரே பொருள் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்லக்கூடியது. இயந்திரத்தை நிறுத்திய பின்னும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வருகிறது என்றால், இரவு முழுவதும் எதையாவது செருகி விட்டுவிடுவது காரின் பேட்டரியை இறக்கிவிடக்கூடும்.

கேபிளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். யுஎஸ்பி-சி கேபிள்கள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட் வரைதான் கடத்தும். 100 வாட் வேண்டும் என்றால் 5 ஆம்பியருக்கென உள்ளே சில்லு பொருத்தப்பட்ட கேபிள் தேவை. மடிக்கணினி மெதுவாக ஏறுகிறது என்றால் சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அதேபோல, 65 வாட் என்று எழுதிய பல துளைச் சார்ஜரில் இரண்டாவது கருவியைச் செருகியதும் அந்த 65 வாட் இரண்டுக்கும் பங்கிடப்படும். ஒவ்வொரு துளைக்கும் 65 கிடைப்பதில்லை.

கூடும் வீட்டில் ஒரே ஒரு சார்ஜிங் இடத்தை முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள். நடமாட்டம் குறைந்த மூலையில் ஒரு மேசை, சுவரில் நேரடியாகச் செருகிய ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு, அதில் ஒரு பல துளைச் சார்ஜர், ஒவ்வொரு கேபிளிலும் உரியவரின் பெயர் எழுதிய சிறு ஒட்டுத்தாள் ஆகியவை போதும். எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் போர்டைச் செருகுவது கூடவே கூடாது, ஏனெனில் எல்லாச் சுமையும் முதல் கம்பி வழியாகவே வந்து அது சூடாகும். சார்ஜ் ஏறும் கருவியைத் தலையணைக்கு அடியிலும் மெத்தையின் மேலும் வைப்பதும் அப்படித்தான். உப்பிப்போன பவர் பேங்க் எதுவாக இருந்தாலும் அதைப் பயணத்துக்கு எடுக்காமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: வழியைக் கைப்பேசிக்குள் இறக்கி வையுங்கள்

கைப்பேசிக்கு இருப்பிடம் தெரிவதற்கு இணையம் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கைப்பேசி வாங்கிக்கொள்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சிக்னல் இல்லாத மலைப்பாதையில் காணாமல் போவது வரைபடத்தின் படம் மட்டுமே. நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி காணாமல் போகாது. ஆகவே செல்லும் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டால் கவலை தீர்ந்தது. வழியை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் எடுக்காமல், இருபுறமும் தாராளமாக விட்டுப் பெரிய சதுரமாக எடுங்கள், ஏனெனில் மாற்றுவழியில் திரும்ப வேண்டிய தருணத்தில்தான் அந்த ஓரப் பகுதி தேவைப்படும். கூகுள் மேப்ஸில் இப்படி இறக்கிய வரைபடம் காருக்கான வழியைக் காட்டும். போக்குவரத்து நெரிசல், நடந்து செல்லும் வழி ஆகியவற்றைக் காட்டாது.

இறக்கியதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, செல்லும் இடத்தின் பெயரைத் தட்டி, வழி வருகிறதா என்று பாருங்கள். இதைக் குறைந்தது இரண்டு கைப்பேசிகளில் செய்து வைக்க வேண்டும். ஒன்று ஓட்டுநருக்கு எதிரே இருக்கும், மற்றொன்று அருகில் அமர்பவரின் கையில் இருக்கும். தேடுவதும் மாற்றுவதும் அழைப்பை எடுப்பதும் அருகில் அமர்பவரின் பொறுப்பு என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். இரண்டு கார்களில் செல்வதாக இருந்தால், இரு கார்களின் முன்னிருக்கைப் பயணிகளும் தங்கள் இருப்பிடத்தைப் பயண நேரத்துக்கு மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். 'எங்கே இருக்கிறீர்கள்' என்று ஓட்டுநரை அழைக்கும் தேவை அத்தோடு நின்றுவிடும்.

கைப்பேசியைக் கண்ணாடிக்கு அடியில், வெயில் நேராக விழும் இடத்தில் பொருத்தினால் அது சூடாகித் திரையை மங்கச் செய்யும், பிறகு சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்திவிடும். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துவதே ஏற்றது என்று ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் அதைவிட மிக அதிகமாகிவிடும். ஏசி காற்று வரும் துவாரத்தில் பொருத்தும் தாங்கி இதற்கு நல்ல தீர்வு. எந்தத் தாங்கியானாலும் ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கக் கூடாது, ஓட்டுநரின் பார்வையை மறைக்கவும் கூடாது.

நான்காம் படி: பின்னிருக்கையைக் கவனியுங்கள்

குழந்தைகளுக்கான டேப்லெட்டில் படங்களையும் கதைகளையும் முன்கூட்டியே தரவிறக்கி, விமானப் பயன்முறையில் ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சில செயலிகள் தரவிறக்கிய பின்னும் உரிமச் சரிபார்ப்புக்காக இணையத்தைத் தேடும். டேப்லெட்டை முன்னிருக்கையின் தலைசாய்ப்பானில் இறுகக் கட்ட வேண்டும். திடீரெனப் பிரேக் போட்டால், கட்டாத டேப்லெட் விசையுடன் பறந்து வந்து தாக்கும். திரையைக் குனிந்து பார்க்கும்போது கண் அசைவின்மையைக் காண்கிறது, உட்செவி அசைவை உணர்கிறது; இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது. எனவே வளைவுகள் நிறைந்த பாதையில் திரையை அணைத்து, ஒலிக்கதைக்கு மாறுவது நல்லது.

ஹெட்போனின் ஒலியளவுக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில், பெரியவர்களுக்கு 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. கார் ஓடும் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது குழந்தைகளின் இயல்பு. காதை நன்றாக மூடும் ஹெட்போனில் குறைந்த ஒலியே போதுமாக இருக்கும்.

ஐந்தாம் படி: கூடலில் காது கேளாதவரைப் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள்

பலர் ஒரே நேரத்தில் பேசும் அறையில், செவித்திறன் குறைந்த பெரியவர் சிரித்துத் தலையசைத்தபடி ஒதுங்கிவிடுகிறார். நம் பைகளில் ஏற்கனவே இருக்கும் கருவிகளே இதற்கு உதவும் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஐபோனுடன் ஏர்பாட்ஸ் இருந்தால், 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 முதல் 'லைவ் லிசன்' வசதி உண்டு: கட்டுப்பாட்டு மையத்தில் காது வடிவப் பொத்தானைச் சேர்த்து, அதைத் தட்டி இயக்கினால், கைப்பேசியின் மைக் கேட்பதை ஏர்பாட்ஸ் நேராகக் காதுக்குள் சேர்க்கும். ஆண்ட்ராய்டில் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்' செயலி இதே பணியை ஹெட்போன் வழியாகச் செய்கிறது.

இதில் வெற்றி கைப்பேசியை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கைப்பேசியைப் பாட்டியின் மடியில் வைத்தால் அறையின் கூச்சல் முழுவதும் பெரிதாகிக் கேட்கும், அது இன்னும் மோசம். பேசுபவருக்கு ஒரு கை தூரத்துக்குள், மைக் உள்ள கீழ் விளிம்பு அவரை நோக்கியிருக்குமாறு வைக்க வேண்டும். தடையற்ற வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபெல் குறைகிறது என்பதால், அருகில் வைப்பதற்கு ஈடான அமைப்பு எதுவும் செயலியில் இல்லை. மிகக் குறைந்த ஒலியில் தொடங்கி, அவரே போதும் என்று சொல்லும் வரை மெல்லக் கூட்டுங்கள். கூடல் நடக்கும் நாளுக்கு முன்பே, அமைதியான அறையில் இருவர் மட்டும் பேசி ஒத்திகை பார்ப்பது அவருடைய தயக்கத்தைப் போக்கும். இது செவித்துணைக் கருவிக்கும் மருத்துவருக்கும் மாற்றல்ல. அந்த ஒரு மாலைக்கான துணை.

வர இயலாத உறவினருக்கான காணொளி அழைப்புக்கும் இதே நெறி பொருந்தும். கைப்பேசியை ஆளுக்காள் கைமாற்றுவதற்குப் பதிலாக, ஒரு டிரைபாடில் நிறுத்தி, ஒவ்வொருவராக அதன் எதிரே வந்து அமர்ந்து பேசச் செய்தால், மறுமுனையில் இருப்பவர் கூரையையும் காதுகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: எல்லோரும் இருக்கும் ஒரு படம்

குழுப் படத்தில் எடுப்பவர் விடுபடாமலிருக்க, டிரைபாடும் சிறிய ப்ளூடூத் ரிமோட்டும் போதும். ரிமோட் இல்லையென்றால் 10 விநாடி டைமர் உண்டு. இடம் போதவில்லை என்று 0.5 என்ற அகலக் கோண லென்ஸுக்கு மாறுவது வழக்கமான பிழை. அதில் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். பின்னால் நகர்ந்து 1 என்ற முதன்மை லென்ஸிலேயே எடுங்கள், அல்லது வரிசையைக் கூட்டி அகலத்தைக் குறையுங்கள். கேமராவைக் கண் மட்டத்தில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் கேமராவின் பின்னாலிருந்து முகங்களில் விழும்படி அமைத்து, தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தால், எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கும் ஒன்று அவற்றில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களைக் கடைசியாக அழைத்து அமர வைக்க வேண்டும். வெளிச்சத்தைச் சரிசெய்யும் வரை அவர்களை நிற்க வைக்கக் கூடாது.

ஏழாம் படி: பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள்

என் பார்வையில், கூடலில் ஒரு கைப்பேசி செய்யக்கூடிய ஆகச்சிறந்த வேலை இதுதான். படங்களை எல்லோரும் எடுக்கிறார்கள். குரலை எடுப்பவர் மிகக் குறைவு.

முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள், பதிவு யார் யாரைச் சென்றடையும் என்பதையும் சொல்லுங்கள். மின்விசிறியும் தொலைக்காட்சியும் இல்லாத, திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறை எதிரொலியைக் குறைக்கும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் விரல் தட்டும் ஒலி ஒவ்வொன்றும் இடிபோல் பதிவாகும். ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். சுருக்காத வேவ் வடிவத்தில் ஸ்டீரியோ பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி எடுக்கும், சுருக்கிய 128 கிலோபிட் பதிவு 1 எம்பி எடுக்கும். பேச்சுக்கு இரண்டாவதே போதுமானது. காணொளி என்றால் கணக்கு வேறு: ஐபோனின் உயர்திறன் வடிவத்தில் 4கே தரம் நிமிடத்துக்கு 170 எம்பி, 1080 தரம் 60 எம்பி. ஒரு மணி நேரப் பேச்சுக்கு 1080 தரத்தைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் யாருக்கும் பேச வராது. பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, 'இதில் நிற்பவர் யார், இது யார் வீட்டு வாசல்' என்று கேளுங்கள். பேச்சு தானாக விரியும். அதே அமர்வில் அந்தப் படங்களையும் எண்மமாக்கிவிடலாம். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400 பிக்சல், அதாவது ஏறக்குறைய 8.6 மெகாபிக்சல் கிடைக்கும். ஸ்கேனர் இல்லையெனில், ஜன்னலருகே பக்கவாட்டு வெளிச்சத்தில், கைப்பேசியைப் படத்துக்கு நேர் மேலே இணையாகப் பிடித்து எடுக்கலாம்; பளபளப்பான தாள் மின்னினால், பல கோணங்களில் எடுத்து மினுக்கை நீக்கும் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி கைகொடுக்கும். படத்தின் பின்புறத்தில் கையெழுத்து இருந்தால் அதையும் எடுக்க மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: கலைவதற்கு முன்பே பகிர்ந்து முடியுங்கள்

'வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன்' என்ற படங்களில் பெரும்பகுதி வந்து சேர்வதே இல்லை. கடைசி நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, அங்கேயே முடித்துவிடுங்கள். ஆப்பிள் கருவிகளுக்கிடையே ஏர்டிராப், ஆண்ட்ராய்டு கருவிகளுக்கிடையே குயிக் ஷேர் ஆகியவை இணையம் இல்லாமலும் முழுத் தரத்தில் அனுப்பும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்; ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலத் தரம் காக்கப்படும். இரு வகைக் கருவிகளும் கலந்த குடும்பத்துக்குப் பொதுவான ஆல்பம் ஒன்றைத் திறந்து, இணைப்பைக் குழுவில் இடுவது எளிது. படக்கோப்பில் எடுத்த இடம் பதிந்திருக்கக்கூடும் என்பதால், வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களை வெளியாருக்கு அனுப்பும்போது இருப்பிடத்தை நீக்கி அனுப்ப வேண்டும்.

இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்

காற்றடிக்கும் சிறிய கம்ப்ரசர் நெடும்பயணத்துக்கு உண்மையிலேயே பயன்படும். டயர் குளிர்ந்திருக்கும் காலையில், ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அடிக்க வேண்டும். ஓடும்போது சாலையைப் பதிவு செய்யும் காரின் கேமராவான டேஷ்கேமுக்குத் தொடர்ந்து எழுதுவதைத் தாங்கும் மெமரி கார்டைப் போடுங்கள். பைகளில் வைத்து, அவை இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டும் ட்ராக்கர் பல கார்களில் சாமான் பிரியும்போது உதவும். ஸ்பீக்கர் வாங்கினால் ஐபி67 தரம் பாருங்கள். தூசு புகாது, ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். சிறு புரொஜெக்டரை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்: 'ஆன்சி லூமென்' என்ற தர அளவீட்டில் குறிப்பிடாத ஒளியளவை நம்ப முடியாது, நன்றாக இருட்டும் வரை படம் தெரியாது, சில செயலிகள் திரைப் பகிர்வை அனுமதிப்பதும் இல்லை.

திரும்பிய பின்

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன், அதன் திரையில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து உங்கள் கைப்பேசியை நீக்குங்கள். இல்லாவிட்டால் தொடர்பு எண்களும் சென்ற இடங்களும் அதிலேயே தங்கியிருக்கக்கூடும். பகிர்ந்த இருப்பிடத்தை அணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். குரல் பதிவுகளுக்கு ஆளின் பெயரும் நாளும் இட்டு, ஒரு பிரதியைக் கணினியிலும் மற்றொன்றை வேறொரு வீட்டில் உள்ள உறவினரிடமும் சேர்த்து வையுங்கள். பவர் பேங்கை முழுதும் காலியாகவோ முழுதும் நிரம்பியோ வைக்காமல், பாதி அளவு சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துச் சற்றே ஏற்றி வைத்தால், அடுத்த பயணத்துக்கும் அது வேலை செய்யும்.